தொரப்பாடி ஜெயிலுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

தொரப்பாடியில் இருக்கும் வேலூர் மத்திய சிறைக்கு வெகுகாலமாகப் போய்வருகிறேன். வாலிபர் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காட்பாடி தம்பி: அண்ணா, நேரே போய்க் கேட்டால் உள்ளே விடுவார்களா?

விடமாட்டார்கள் தம்பி. உங்கள் ஆயரிடம் சொல்லி, ஏற்கெனவே அனுமதி வாங்கியிருக்கும் குழுவோடு சேருங்கள். போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும்.

ராணிப்பேட்டை சகோதரி: என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்கலாமா?

வேண்டாம்மா. நம் நாட்டுச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், சபையில் வந்து சாட்சியாகச் சொல்லிவிடாதீர்கள். பேச்சு பெரும்பாலும் வீட்டைப் பற்றித்தான் இருக்கும். "அம்மா மனு பார்க்க வந்து ரொம்ப நாளாச்சுண்ணே" என்று ஒருவர் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே சொல்வார். மனு என்றால் வீட்டார் சிறைக்கு வந்து கைதியைப் பார்ப்பது. அந்த நேரத்தில் வசனம் எடுக்காதீர்கள். அம்மா எந்த ஊர் என்று கேளுங்கள்.

குடியாத்தம் அண்ணன்: சீட்டு எழுதி, வெளியே கொடுக்கச் சொன்னால்?

கண்டிப்பாக வாங்கக் கூடாது. பீடிக்கட்டு, காசு எதையும் உள்ளே கொண்டுபோகவும் கூடாது. ஒருவர் இரக்கப்பட்டுச் செய்கிற காரியத்தால் மொத்தக் குழுவின் அனுமதியும் போய்விடும்.

ஆம்பூர் தம்பி: வக்கீல் வைக்கக் காசில்லை என்று அழுகிறார்களே?

ஜாமீன் எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதையே நம்பிக் காத்திருப்பார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி, காவலில் இருக்கும் யாருக்கும் வக்கீல் இலவசம். வீட்டார் 15100க்குப் போன் செய்து கேட்கலாம். அப்புறம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவைப் பற்றி அந்த வக்கீலிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் ஜாமீனுக்கு வழியுண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இது தெரியாமலே உள்ளே கிடப்பவர்களை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

வாலாஜா அக்கா: பெண்கள் சிறைக்கு நாங்கள் போகலாமா?

பெண்கள் குழுவாக அனுமதி கேளுங்கள் அக்கா. தாயோடு பிள்ளை 6 வயது வரைதான் இருக்கலாம். அதன்பின் பாட்டி வீட்டுக்கோ விடுதிக்கோ போய்விடும். தாய் சம்மதித்தால் அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். சாப்பிடுகிறதா, பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்த்துவந்து தாயிடம் சொல்லுங்கள். பிரசங்கம் செய்ய ஆள் நிறைய உண்டு, இதற்குத்தான் ஆள் இல்லை.