ஒருசந்தியும் கல்லறைப் பாதையும்

அன்புள்ள ஐயா,

தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று, சாதியையும் கூலியையும் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஈஸ்டருக்கு முந்தின இந்த நோன்புக் காலம் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லாத சுத்தபோசனம், சாயங்காலம் சிலுவைப்பாதை, கடைசியில் பெரிய வெள்ளி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), கஞ்சி. அதில் ஓர் அமைதி இருக்கிறது. அதற்குள் சாதியையும் கூலியையும் ஏன் கொண்டுவருகிறீர்கள்? எங்கள் பங்குக் கோவிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியாரும் இப்படித்தான் பிரசங்கம் வைக்கிறார், பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். தவம் எனக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள விஷயம்தானே? சமூகநீதி பேச வேறு மேடைகள் இல்லையா?

பி.கு.: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. ஒருசந்தி இருந்தே தீருவேன் என்கிறார். என்ன சொல்வது?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

முதலில் அம்மா. ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்கி 59 நிறைவதோடு முடிந்துவிடுகிறது. உடம்பு முடியாதவர்களுக்கு எந்த வயதிலும் கிடையாது. நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார், அந்தப் புதுச் சாமியாரையே விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இதிலாவது அவர் உங்களுக்குப் பயன்படட்டும்.

அப்புறம் உங்கள் கேள்வி. கூலியையும் சாதியையும் சாமியார் வெளியிலிருந்து கொண்டுவந்ததாக நினைக்கிறீர்கள். நீங்கள் ஞாயிறு பூசைக்கு மட்டும் போகிறவர் என்று நினைக்கிறேன் (தப்பென்றால் மன்னியுங்கள், நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்). தவக்காலத்தின் காரமான வாசகங்கள் எல்லாம் யாரும் வராத வார நாட்களில் ஒளிந்துகிடக்கின்றன. விபூதிப் புதன் முடிந்து வரும் முதல் வெள்ளி, ஏசாயா 58: நீங்கள் நோன்பு இருக்கிற நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், கட்டுண்டவர்களின் கட்டை அவிழ்ப்பதுதான் நான் கேட்ட நோன்பு என்கிறார் கடவுள். அடுத்த திங்கள், மத்தேயு 25, பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்கிற கடைசித் தீர்ப்பு. அந்த வாரமே வெள்ளி, சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போ, முதலில் சமாதானம் ஆகு. இரண்டாம் வார வியாழன், பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடந்த லாசர். இதையெல்லாம் வாசித்துவிட்டு மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டுமா சாமியார்? ஆள் வருவது ஞாயிறுதான், அதனால் ஞாயிறு பேசுகிறார். உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும், தவக்கால ஒறுத்தல் தனிமனித அளவில் நின்றுவிடக் கூடாது, சமூக அளவிலும் இருக்கவேண்டும் என்று வழிபாடு பற்றிய தன் ஆவணத்தில் எழுதிவைத்துவிட்டது. அது வந்தது 1963ல்.

சாதிக்கு வருகிறேன், உங்களை உறுத்தியது அதுதான் என்று தெரிகிறது.

2008ஆம் ஆண்டு மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். அங்கே தலித் கத்தோலிக்கர்கள், கோவிலுக்குப் போகும் முக்கியப் பாதை வழியாக எங்கள் சாவு ஊர்வலத்தை வன்னியர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், கல்லறையும் தனி, அப்படியானால் எங்களுக்குத் தனிப் பங்குக் கோவிலாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். (பிரிவினை கேட்கிறார்கள் என்று அப்போது சிலர் அங்கலாய்த்தார்கள். சேர்த்துக்கொள்ளாதவர்கள் அதைச் சொன்னதுதான் வேடிக்கை.) அன்றைக்கு வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் தலித் கத்தோலிக்கர்களுக்கும் மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் செத்தார்கள். அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. சரியாக இரண்டு வாரம் கழித்து, மார்ச் 23, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்). அந்த வருடத்து வாசகச் சுற்றில் ஐந்தாம் ஞாயிறுக்கு உரிய நற்செய்தி எது தெரியுமா? யோவான் 11. செத்து நான்கு நாளான இன்னொரு லாசர், பெத்தானியாக்காரர், கல்லறையிலிருந்து துணிக்கட்டோடு எழுந்து வருகிறார். கட்டை அவிழ்த்து அவரைப் போகவிடுங்கள் என்கிறார் இயேசு. ஏசாயாவில் வந்த அதே அவிழ்ப்பு. உலகம் முழுக்கக் கோவில்களில் போகவிடுங்கள் என்று வாசித்த ஞாயிற்றுக்கிழமையில், இங்கே ஒரு ஊரில் பிணம் போகும் பாதைக்காக வளர்ந்த சண்டையில் பிணம் விழுந்தது. இதை எப்படித் தவக்காலத்துக்கு வெளியே வைத்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, எஸ்.

இது எறையூரோடு போகிற கதையும் இல்லை. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு கால்களாகவே கோவிலைக் கட்டினார்கள். 1910ல் நடுச்சுவரை இடித்தபோது சுவர் வேண்டும் என்று வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உள்ளே தனியிடம் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சுமார் நூறு வருடம் கழித்து, 2016 டிசம்பரில், இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. நாட்டில் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்கள், அதில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அதிலேயே இருக்கிறது. சாதி பார்ப்பது பெரும் சமூகப் பாவம் என்றும் இருக்கிறது. அப்படியானால் உங்கள் சாமியார் ஆயர்கள் எழுதியதைத்தான் பேசுகிறார். என்ன, ஆவணத்தை யாரும் ஒலிபெருக்கியில் வாசிப்பதில்லை.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். என் சிறுவயதில் எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் உட்காருகிறவர்கள் வருடா வருடம் ஒரே தெருக்காரர்களாக இருப்பார்கள். காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, புது வேட்டி கட்டி வருவார்கள். கோவிலுக்குப் பின்னால் இருந்த தெருவிலிருந்து ஒரு கால்கூட அந்தத் தாம்பாளத்துக்கு மேலே நீண்டதில்லை. அது அன்று எனக்கு வித்தியாசமாகவே படவில்லை, அதுதான் இப்போது கூசுகிறது. 2013ல், போப் ஆன சில நாட்களிலேயே, பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் அங்கிருந்த பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி முத்தமிட்டார், இரண்டு பெண்பிள்ளைகள் உட்பட, முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆண்களின் காலைத்தான் கழுவலாம் என்றிருந்த விதியே 2016ல் மாறியது. எந்தக் கால்கள் என்பதில் அரசியல் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தெருக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது, வேறு விதமாக.

நீங்கள் சொல்கிற அமைதி எனக்கும் வேண்டியதுதான், சிலுவைப்பாதையில் பதினான்காம் நிலை, கல்லறையில் அடக்கம், அது முடிந்ததும் கோவிலில் ஒரு மௌனம் விழுமே, அது எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. மூன்றாம் நாள் விடியலில் பெண்கள் போய்ப் பார்த்ததும் அந்தக் கல்லறையைத்தான். நம் விசுவாசம் தொடங்குகிற இடமே அது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பங்கில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? ஒன்றுதான் என்றால், நடுவில் சுவரோ வேலியோ உண்டா? இந்தத் தவக்காலம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அம்மா என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்.