கேஸே நடக்காம அரசாங்கம் ஒரு டொமைனை, அதாவது வெப்சைட்டோட பேரை, பிடுங்க முடியுமா?

அமெரிக்காவுல முடியும், நடந்தும் இருக்கு. .காம் டொமைன் எல்லாத்தோட பதிவேட்டையும் வச்சிருக்கறது வெரிசைன்ங்கற அமெரிக்க கம்பெனி, அதனால உங்க சர்வர் எந்த நாட்டுல இருந்தாலும் அங்க ஒரு ஜட்ஜ் வாரண்ட்ல கையெழுத்து போட்டா போதும், பேர் வேற பக்கம் திரும்பிடும். அந்த வாரண்ட் கேக்கறப்போ அரசுத் தரப்பு மட்டும்தான் பேசும், சைட்காரருக்கு நோட்டீஸ்கூட போகாது.

டஜாஸ்1னு ஒரு ஹிப்ஹாப் சைட், 2010 நவம்பர்ல காப்பிரைட் மீறல்னு சொல்லி எடுத்துட்டாங்க. சைட்டோட வக்கீல் கேக்கும்போதெல்லாம் கோர்ட் டைம் நீட்டிச்சிருக்குன்னு பதில், ஆனா அந்த உத்தரவைக் காட்டவே இல்ல, ரகசியமா சீல் வச்சிருந்தாங்க. 2011 டிசம்பர்ல ஒரு குற்றச்சாட்டும் போடாம திருப்பிக் கொடுத்தாங்க. ஒரு வருஷம் போச்சு, அதுக்கு யார் பொறுப்பு?

இதைவிடக் கொடுமை 2011 பிப்ரவரில மூ.காம் (mooo.com) டொமைனுக்கு நடந்தது. அதுக்குக் கீழ சுமார் 84,000 சப்டொமைன் (அந்தப் பேருக்கு முன்னாடி வேற பேர் சேர்த்த தனித்தனி சைட்) இருந்துச்சு, சம்பந்தமே இல்லாத ஜனங்களோட பக்கத்துலயும் குழந்தை ஆபாசப் படத்துக்காகப் பறிமுதல்னு பேனர் வந்துச்சு. தெரிஞ்சவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?

பொருளைப் பிடிச்சு வைக்கிற சட்டத்தை அப்படியே டொமைனுக்குப் போடறதுதான் இங்க தப்புன்னு நான் நினைக்கறேன். போதைப்பொருள் பணம்னா சொல்லிட்டுப் போனா மறைச்சிடுவாங்க, சரி. டொமைன் எங்க ஓடும்? பதிவேட்டுல யாரும் மாத்த முடியாதபடி லாக் போட்டுட்டு, முதல்ல ரெண்டு தரப்பையும் கேக்கலாமே.