எண்ணும் பெயரும் எங்கே பிசகுகின்றன? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரே செய்தி, இரண்டு தமிழ்ச் செய்தித் தளங்கள். ஒன்றில் 25 கோடி டாலர் முதலீடு, இன்னொன்றில் 250 கோடி. எதை நம்புவது?
வாசகர், கோவில்பட்டி

இரண்டையும் மூலத்தோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். செய்தி நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்பிய மூலச் செய்தியில் 2.5 பில்லியன் என்று இருந்தால் 250 கோடி சரி. மில்லியனை 10 லட்சமாக்கும் பழக்கத்தில் பில்லியனையும் 10 கோடி என்று எடுத்துக்கொண்டு பெருக்கியவருக்கு 25 கோடி வந்திருக்கும். மூலத்தில் 250 மில்லியன் என்று இருந்தாலோ 25 கோடிதான் சரி. மில்லியன் என்ற இடத்தில் கோடி என்று போட்டவர் பத்து மடங்கு கூட்டிவிட்டார்.

கணக்கு இவ்வளவுதான்: ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. செய்தியை மொழிபெயர்த்துத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர் இதை எழுதித் திரையோரம் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். வாசகருக்கு ஒரு குறுக்குச் சோதனை உண்டு. செய்தியில் ரூபாய் மதிப்பும் கொடுத்திருந்தால் வகுத்துப் பாருங்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 250 கோடி டாலர் 21,250 கோடி ரூபாய். செய்தியில் 2,125 கோடி ரூபாய் என்று இருந்தால் இரண்டு எண்களில் ஒன்று தப்பு.

வெப்பநிலையிலும் இதே கதை. சராசரி வெப்பம் 9 டிகிரி பாரன்ஹீட் கூடியது என்றால் 5 டிகிரி செல்சியஸ் கூடியது என்று பொருள். மாற்றிக் கொடுக்கும் கருவியில் 9 என்று தட்டினால் மைனஸ் 12.8 வரும். 32-ஐக் கழிப்பது வெப்பமானி காட்டும் அளவுக்குத்தான் பொருந்தும். கூடியது, குறைந்தது என்ற வித்தியாசத்துக்கு 1.8-ஆல் வகுத்தால் போதும்.

தலைப்பைப் படித்து அமைச்சரே கைதாகிவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே பார்த்தால் அவருடைய தம்பி. இது வேண்டுமென்றே செய்வதா?
வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் கவனக்குறைவுதான். ஆனால் விளைவு கடுமையானது. 'நிலமோசடி வழக்கில் கைது செய்யப்பட்ட அமைச்சரின் தம்பிக்கு ஜாமீன்' என்ற வரியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'தம்பி' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் விவரம் தமிழில் முன்னால் வந்தாக வேண்டும். வந்ததும், தனக்கு அடுத்து நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே அடுத்து நிற்பவர் அமைச்சர். நடுவில் காற்புள்ளி போட்டாலும் அவசரமாகப் படிப்பவர் கண்ணில் அது படாது. 'நிலமோசடி வழக்கு: அமைச்சரின் தம்பிக்கு ஜாமீன்' என்று உடைத்துவிட்டால் தீர்ந்தது. ஜாமீன் என்றாலே கைதானவர் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

'மூன்று குழந்தைகள் உட்பட 12 பேர் பலி' என்பது '12 பேரும் மூன்று குழந்தைகளும் பலி' ஆகும்போது இறந்தவர் எண்ணிக்கை 15 ஆகிவிடுகிறது. துயரச் செய்தியில் இது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல. நீதிமன்றச் செய்தியில் இன்னொரு பொறி. விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு தள்ளுபடி என்றால் விடுதலை நிற்கிறது, குற்றம்சாட்டப்பட்டவருக்கு நிம்மதி. 'தள்ளுபடி' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து அவருக்குப் 'பின்னடைவு' என்று தலைப்பிட்டால் தீர்ப்பே தலைகீழாகிறது. முதல் பத்தியிலேயே 'இதனால் அவருடைய விடுதலை உறுதியானது' என்று விளைவை எழுதச் சொல்ல வேண்டும். எழுத முடியாமல் திணறினால், எழுதுபவருக்கே தீர்ப்பு புரியவில்லை.

பிரிட்டனின் 'உள்துறைச் செயலாளர்' என்கிறார்களே, அவர் நம் ஊர் ஐஏஎஸ் அதிகாரி போன்றவரா?
வாசகர், வேலூர்

இல்லை, அமைச்சர். உள்துறை அமைச்சர் என்றே எழுத வேண்டும். அமெரிக்காவில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' எனப்படுபவர் வெளியுறவு அமைச்சர். அதிபர் பெயரை முன்மொழிய, நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புதல் தரும். அமெரிக்கக் காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, அந்நாட்டின் நாடாளுமன்றம்.

நியூயார்க்கில் செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒரு தளம் புதன் என்கிறது. பிழையா?
வாசகர், சேலம்

பிழையாக இருக்க வேண்டியதில்லை. கோடையில் அங்கே செவ்வாய் இரவு 8 மணி என்றால் இங்கே புதன் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. 'உள்ளூர் நேரப்படி' அல்லது 'இந்திய நேரப்படி' என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை.

பிழையைச் சுட்டினால் திருத்துகிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பழைய தலைப்பே சுற்றுகிறது. ஏன்?
வாசகர், நாகர்கோவில்

லிங்க்கைப் பகிரும்போதே தலைப்பும் படமும் பதிந்து போய்விடுகின்றன. அனுப்பப்பட்டதைத் தளத்தால் மாற்ற முடியாது. மொபைலுக்குப் போன நோட்டிஃபிகேஷனும் பெரும்பாலும் அப்படியே. பேஸ்புக் பழைய முன்னோட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதன் ஷேரிங் டிபக்கர் என்ற கருவியில் லிங்க்கைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் புதுப்பித்துக்கொள்ளும். இது தளத்தார் செய்ய வேண்டிய வேலை; பலர் செய்வதில்லை. லிங்க்கின் முகவரியில் பழைய தலைப்பின் சொற்கள் இருந்தால் அதையும் மாற்றி, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட வேண்டும்.

நீங்கள் எழுதும்போது லிங்க், தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், தவறான வரி, சரியான வரி, அதற்கான மூலம் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். 'தப்பும் தவறுமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் டெஸ்க்கில் யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். எண்ணோ, பெயரோ, தீர்ப்போ மாறியிருந்தால், என்ன திருத்தப்பட்டது என்ற குறிப்பைச் செய்தியின் அடியில் போடும்படியும் கேளுங்கள்.