வீட்டில் மாற்றிய பிரேக்கும் கைவிரித்த இன்சூரன்ஸும்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 2019 மாடல் கார், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பின்பக்கம் கீச்சுகீச்சென்று சத்தம் வந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் வீட்டு வாசலிலேயே பின் பிரேக் பேடு, டிஸ்க் எல்லாவற்றையும் மாற்றினோம். பன்னிரண்டு நாள் கழித்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் முன்னால் போன பைக் சட்டென்று நிற்க, போய் இடித்துவிட்டேன். பைக்காரருக்குக் கால் எலும்பு முறிவு. ஸ்டான்லியில் நானேதான் சேர்த்தேன். பதற்றத்தில் போலீசிடம் "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். பிறகு சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் அதையே சொல்லி, பிரேக்கை நானே மாற்றியதையும் சொன்னேன். இப்போது வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை, அங்கீகாரம் இல்லாதவர் பிரேக் வேலை செய்திருக்கிறார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி என் கிளெய்மை நிராகரித்துவிட்டது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் முன்தேதி போட்டு பில் தருகிறேன் என்கிறார். வாங்கிக் கொடுத்துவிடலாமா? அடிபட்டவருக்கும் நான்தான் கையிலிருந்து பணம் கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த பில். வேண்டாம் தம்பி. நீங்களே மாற்றியதாக சர்வேயரிடம் சொல்லியாகிவிட்டது, அது அவருடைய ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும். அதற்கு மேல் ஒரு மெக்கானிக் பில்லைக் கொண்டுபோய் நீட்டினால், இதுவரை வெறும் ரிப்பேர் தகராறாக இருந்தது பொய் ஆவணம் தயாரித்த வழக்காக மாறும். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி ஆவணத்துக்கு 336, அதை உண்மையானதுபோலப் பயன்படுத்தியதற்கு 340, ஏமாற்றியதற்கு 318 என்று வரிசையாகப் பிரிவுகள் இருக்கின்றன. பில் போட்டுக் கொடுத்த மெக்கானிக்கையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி, எந்தத் தேதியில் எந்தக் கடையில் டிஸ்க் வாங்கினாய் என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வியிலேயே அவர் உங்களைக் கைகாட்டிவிடுவார். கம்பெனிக்கு இன்றைக்கு உங்கள் மேல் பெரிய பிடிமானம் எதுவும் இல்லை. நீங்களே போய் ஒன்றைக் கொடுக்காதீர்கள்.

இப்போது அசல் விஷயத்துக்கு வருவோம். சொந்த காரின் பிரேக்கைச் சொந்தக் கையால் மாற்றுவது குற்றமா? இல்லை. லைசென்ஸ் வாங்கிய மெக்கானிக்தான் தொட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் கிடையாது. 52ஆவது பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை. அதே அளவு பேடு, அதே அளவு டிஸ்க் போட்டது மாற்றியமைப்பு ஆகாது, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதுசு போட்டது, அவ்வளவுதான். சட்டம் கேட்பது வேறொன்று, 190ஆவது பிரிவு. ஆபத்தான குறை உள்ள வண்டியை, அந்தக் குறை தெரிந்தோ, அல்லது சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ ரோட்டில் ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயம் பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே யார் மாற்றினார்கள் என்பது கேள்வியே இல்லை, மாற்றிய வேலையில் குறை இருந்ததா, அந்தக் குறையால்தான் இடித்ததா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை உங்களிடமும் இல்லை, கம்பெனியிடமும் இல்லை. நம்ம ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வோமே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட்டில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு வண்டியை ஸ்டேஷன் வாசலிலேயே பார்த்து, பிரேக் வேலை செய்கிறதா, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பார். எஃப்.ஐ.ஆரையும் அந்த ரிப்போர்ட்டையும் நகல் எடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. நான் பார்த்த வரையில் டிரைவர் "பிரேக் பிடிக்கலை" என்று சொல்லியிருக்க, ரிப்போர்ட்டில் "பிரேக் நல்ல நிலையில் உள்ளது, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல" என்று இருந்த வழக்குகள் நிறைய. இடித்துவிட்டால் எல்லாருடைய வாயிலும் முதலில் வரும் வார்த்தை அதுதான், பெரும்பாலும் நடந்திருப்பது முன்வண்டிக்கும் நம் வண்டிக்கும் நடுவே போதிய இடைவெளி விடாதது. அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு இடையில் ஓட்டும் யாருக்கும் இது தெரியும். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள்: பிரேக் அடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்து பிரேக்குடையது. நீங்கள் மாற்றியதோ பின்னால். அதுதான் விபத்துக்குக் காரணம் என்றால் அதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், "வீட்டில் மாற்றினார்" என்ற ஒற்றை வரி போதாது.

போலீசிடம் சொன்னதை நினைத்து ரொம்பக் கலங்க வேண்டாம். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆவது பிரிவு அது. சர்வேயரிடம் சொன்னது அப்படியில்லை. அது நிற்கும். ஆனால் "பிடிக்காததுபோல் தோன்றியது" என்பதற்கும் "வேலையில் கோளாறு" என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. குற்ற வழக்கைப் பொறுத்தவரை எலும்பு முறிவு என்பதால் பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கான 281ஓடு 125ஆவது பிரிவின் கொடுங்காயப் பகுதியும் போட்டிருப்பார்கள், அதில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை.

அடிபட்டவருக்கு யார் பணம் தருவது? அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான உங்கள் தேர்டு பார்ட்டி பாலிசி உயிரோடு இருந்தது, உங்களிடம் லைசென்ஸும் இருந்தது என்றால், கம்பெனிதான். உங்கள் காருக்கான ஓன் டேமேஜ் கிளெய்மை நிராகரித்த கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேர்டு பார்ட்டி விஷயத்தில் கம்பெனி தப்பிக்கச் சொல்லக்கூடிய காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவே வரையறுத்து வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, ரேஸில் ஓட்டியது மாதிரி சில. பிரேக்கை யார் மாற்றினார் என்பது அதில் இல்லை. அடிபட்டவர் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்து விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவார், கம்பெனியும் அங்கே வரும். அதற்குள் அவர் வீட்டார் கேட்கிறார்கள் என்று ஸ்டாம்பு பேப்பரில் "தப்பு என்னுடையது, இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று உங்கள் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், பழம் வாங்கிக்கொண்டு போங்கள், அதை யாரும் தடுக்கவில்லை.

சரி, உங்கள் கார். "வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும்" என்ற பாலிசி நிபந்தனையைத்தான் கம்பெனி பிடித்துக்கொண்டிருக்கிறது. தேய்ந்த பிரேக்கை மாற்றுவதே அந்த நடவடிக்கைதானே, மாற்றாமல் ஓட்டியிருந்தால் அல்லவா மீறல்! இதை அப்படியே எழுதி, அங்கீகாரம் பெற்றவர்தான் மாற்ற வேண்டும் என்று பாலிசியில் எந்த வரி சொல்கிறது என்று கேட்டு, சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம் (வக்கீலான நான் இதைச் சொல்லக் கூடாதுதான்). நிராகரித்து ஓராண்டுக்குள் போக வேண்டும். இல்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு 2 ஆண்டு அவகாசம். ஒரே நேரத்தில் இரண்டு கதவையும் தட்ட முடியாது. உங்கள் வழக்கில் நான் ஓம்பட்ஸ்மனைத்தான் முதலில் பார்ப்பேன்.

ரிப்போர்ட் உங்களுக்கு எதிராக இருந்தால்? அப்போது வேலையில் குறையா, சாமானில் குறையா என்று பிரிக்க வேண்டும். சில வண்டிகளில் பின் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிஸ்டனைத் திருகித் திருகி உள்ளே அனுப்ப வேண்டும். முன் பக்கத்தைப் போல சி-கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் அமைப்பு கெடும். எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் துரு தடுக்கும் எண்ணெயைக் கழுவினீர்களா, காலிப்பர் போல்ட்டை, குறித்த அளவு இறுக்கம் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினீர்களா, வண்டியை எடுக்கும் முன் பெடலை மிதித்து இறுக்கம் பார்த்தீர்களா என்றெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், கேட்டால் நானும் கேட்பேன். இதெல்லாம் சரியாக இருந்தும் பேடின் உராய்வுப் பட்டை தகட்டைவிட்டுப் பெயர்ந்திருந்தால் அது தயாரிப்புக் குறை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் அதற்கென்றே பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கு ஈடு) என்ற அத்தியாயம் இருக்கிறது, சாமானைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரமும் உண்டு. பில் இல்லாமல் வாங்கிய பேடு என்றால் யார் மேல் போடுவது?

வாரண்டி பற்றியும் பலர் கேட்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அது முடிந்திருக்கும், மற்றவர்களுக்காக ஒரு வரி: வெளியில் வேலை பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்று 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் (வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் அமைப்பு) 14 கார் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். வெளியில் செய்த தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் வாரண்டி மறுக்கலாம்.

என்னைப் பார்க்க வரும்போது எஃப்.ஐ.ஆர், ஆய்வாளர் ரிப்போர்ட், முழு பாலிசி (முதல் பக்கம் மட்டுமல்ல), நிராகரிப்புக் கடிதம், பேடும் டிஸ்க்கும் வந்த அட்டைப் பெட்டி, கடை பில், அன்றைக்கு மச்சான் போனில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அது, எல்லாம் எடுத்து வாருங்கள். காரில் இப்போது இருக்கும் பேடு, டிஸ்க்கை யாரும் கழற்ற விடாதீர்கள், வொர்க்‌ஷாப்காரர் அவசரப்பட்டாலும் சரி. முக்கியமாக, கழற்றிப் போட்ட பழைய டிஸ்க். அதன் ஓரத்தில் குறைந்தபட்ச கனம் இத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் நீங்கள் மாற்றியது அவசியம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய்த் தேடுங்கள்.