மருந்தடிக்கும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் ஓலைகளின் அடிப்பக்கம் வெள்ளைச் சுருள்கள் படிந்து, கீழ் மட்டைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. மருந்துக் கடையில் உடனே பூச்சிக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோப்புப் பெரியவரோ, குளவி பார்த்துக்கொள்ளும் என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பெரியவரை நம்புங்கள். இது சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கறுப்பாகத் தெரிவது, ஈக்கள் கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளரும் கரும்பூசணம்.

பெரியவர் சொல்லும் குளவி, என்கார்சியா குவாடலூபே என்னும் ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுள்ளது, மனிதரைக் கொட்டாது. இளம் வெள்ளை ஈயைத் தேடி அது முட்டையிட, அதிலிருந்து வரும் புழு ஈயை உள்ளிருந்தே தின்று வளர்வதால், அந்த இளம் ஈயின் கூடு கறுத்துப்போகும். ஓர் ஓலையை வெட்டி இறக்கிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: காலிக் கூட்டில் வட்டத் துளை இருந்தால் வெளியேறியது குளவி, 'டி' வடிவப் பிளவு இருந்தால் ஈ. கறுத்த கூடுகள் தென்படும் தோப்பில் பூச்சிக்கொல்லி அடிப்பது பெருந்தவறு என்றே சொல்வேன். ஏனெனில், ஓலையின் அடியில் மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் ஈக்களில் பல தப்பிவிட, மறைவின்றித் திரியும் குளவிகள் மடிந்து, எஞ்சிய ஈக்கள் எதிரியில்லாமல் பெருகும்.

தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா சேர்த்துக் காய்ச்சிய பசைக் கரைசலைத் தெளித்தால் அது காய்ந்து உதிரும். குளவி இல்லையென்றால், அது உள்ள தோப்பிலிருந்து கறுத்த கூடுகளுள்ள ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து மரங்களில் கட்டலாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் குளவியை இங்கே விட்டால், நாளை அதுவே தொல்லையாகிவிடாதா?
– வாசகி, அணைக்கட்டு

பதில்: நியாயமான அச்சம், அதனால்தான் அவற்றைத் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றைத் தமிழ்நாடெங்கும் மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே மாவுப்பூச்சியை வெகுவாக அடக்கியது. அது அந்த மாவுப்பூச்சியை நம்பியே வாழ்வதால், பூச்சி குறையும்போது தானும் குறைகிறது. உங்கள் பப்பாளிப் பழத்தையோ இலையையோ அது தொடுவதில்லை.