ஃபிரிக் காட்சியகத்துப் புனித யோவான்: ஓரத்தில் தெரியும் படி எதனுடையது?

வணக்கம். நியூயார்க்கின் ஃபிரிக் காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா முதியவராகத் தீட்டிய புனித யோவானின் படத்தில், இடது ஓரத்தில் ஒரு படியும் துணி மடிப்பும் பாதியில் நின்றுவிடுவதைக் கவனித்து, படம் வெட்டப்பட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அறுத்து எடுத்த துண்டு என்று கருத வேண்டாம். இது பல பலகைகளைச் சேர்த்து, கோவில் பீடத்தின் மேல் வைக்க அமைத்த பீடப் படத்தின் ஓர் உறுப்பு.

இத்தாலியின் சான்செபோல்க்ரோ நகரின் அகுஸ்தினார் சபைக் கோவிலுக்காக 1454இல் ஒப்பந்தமான இந்த வேலையை எட்டு ஆண்டுகளில் முடிப்பதாகப் பேச்சு. ஆனால் 1469இல்தான் கணக்குத் தீர்ந்தது. (பியேரோ நிதானமாகத்தான் வேலை செய்தார்.) நடுவில் மரியாள் அமர்ந்திருந்த பலகை இன்று இல்லை. நீங்கள் கண்ட படி அவருடைய அரியணைக்கும் துணி அவருடைய ஆடைக்கும் உரியவை என்றே கொள்ளப்படுகிறது. இதே பீடப் படத்தின் மற்றொரு பலகையான, லண்டன் தேசியக் காட்சியகத்திலுள்ள புனித மிக்கேலின் வலது ஓரத்திலும் அதே படி தெரிவதால், இருவரும் மரியாளின் இருபுறமும் நின்றனர் என்பது உறுதியாகிறது. மற்ற இரு பலகைகளில் உள்ள புனித அகுஸ்தினார் லிஸ்பனிலும், புனித தொலெந்தினோ நிக்கோலா மிலானிலும் இருக்கிறார்கள்.

அடையாளச் சின்னமாகப் புத்தகம் மட்டுமே இருப்பதால், இவர் யோவான்தானா என்ற உங்கள் ஐயம் நியாயமானதே. எனினும், பணம் கொடுத்தவரின் தந்தை பெயர் ஜோவான்னி (யோவான் என்பதன் இத்தாலிய வடிவம்) என்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. நான்கு படங்களையும் திரையில் அருகருகே வைத்து, பின்னாலுள்ள பளிங்குக் கைப்பிடிச் சுவர் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்வதைப் பாருங்கள்.