கடலை ஏற்றுவது எது, கரையைத் தின்பது எது? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

காசிமேடு தொடங்கி பழவேற்காடு வரை பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, அதிகம் பேர் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குப்பத்தில் தெருக்களே கடலுக்குள் போய்விட்டன. துறைமுகம் கட்டியதால்தான் என்கிறார்கள் பெரியவர்கள். பூமி சூடாவதால் என்கிறது டிவி. எது உண்மை? (திருவொற்றியூர்)

பதில்: இதுவரை நீங்கள் இழந்த மண்ணுக்குப் பெரியவர்கள் சொல்லும் காரணமே முக்கியமானது. நம் கடற்கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். ஆனால் வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கேதான் போக வேண்டும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியதும் அந்த மணல் தெற்கிலேயே நின்றுவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் அலை வழக்கம்போல மணலை அள்ளிக்கொண்டு போனது, ஈடுகட்ட மணல் வரவில்லை.

கடல்மட்ட உயர்வு மட்டும் காரணமாக இருந்தால் மெரினாவும் சுருங்கியிருக்க வேண்டும் அல்லவா? இரண்டு கரையிலும் இருப்பது ஒரே கடல். ஒன்று வளர்ந்தது, மற்றது தேய்ந்தது.

இதை வைத்துக்கொண்டு “கடல்மட்டம் உயர்வதெல்லாம் பொய்” என்று சொன்னால் அதுவும் தவறு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 1971 வரை வருடத்துக்கு 1.3 மி.மீ.யாக இருந்த வேகம், 2006-க்குப் பிறகான ஆண்டுகளில் 3.7 மி.மீ. ஆகிவிட்டது. மணல் இல்லாத கரையில் இனி வரும் ஒவ்வொரு புயலும் முன்பைவிட உயர்ந்த நீர்மட்டத்தில் ஏறி நின்று அடிக்கும். எனக்கு வருத்தம் தருவது இதுதான்: பருவநிலையை மட்டும் சொல்பவர்கள் கரையில் கட்டியவர்களைத் தப்பவிடுகிறார்கள். துறைமுகத்தை மட்டும் சொல்பவர்கள் வரப்போகும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீட்டை இழப்பது குப்பத்து மக்கள்.

கேள்வி: கல் கொட்டியாயிற்று, தூண்டில் வளைவும் போட்டாயிற்று. இன்னும் என்ன செய்ய வேண்டும்? (எர்ணாவூர்)

பதில்: கல் தனக்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் காக்கும், கடற்கரையைத் திருப்பித் தராது. படகு ஏற்ற, வலை காயவைக்க இடம் வேண்டுமே. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர், தன் பக்கத்தில் கொஞ்சம் மணலைப் பிடிக்கும், ஆனால் அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். 2001-ல் எண்ணூரில் காமராஜர் துறைமுகம் திறந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அவற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை புரியும். தேங்கும் மணலை எடுத்து, குறைந்த இடத்தில் கொண்டுபோய்ப் போடுவதுதான் அடிப்படைக் காரணத்துக்குச் செய்யும் வைத்தியம். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை ஆர்.கே. கடற்கரைக்குக் கொடுத்து வருகிறார்கள். செலவு உண்டு, நிறுத்தாமல் செய்யவும் வேண்டும். அதைத் துறைமுகத்தை நடத்துபவர்கள்தான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: டம்ளர் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் மட்டம் ஏறாது, கடலும் அப்படித்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. (தண்டையார்பேட்டை)

பதில்: மிதக்கும் பனிக்கு அது சரி. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் அநேகமாக மாறாது. ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இருப்பது நிலத்தின் மேல் உள்ள பனி, டம்ளருக்கு வெளியே இருப்பது. கிரீன்லாந்து பனி மட்டும் முழுக்க உருகினாலே உலகக் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும். ஒரே நாளில் நடக்காது, பல நூற்றாண்டுக் கணக்கு அது.

அப்புறம், அந்தச் செய்தி சொல்லாமல் விட்ட இன்னொன்று உண்டு. சூடானால் தண்ணீர் விரியும். 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் ஏறக்குறைய பாதி இந்த விரிவால் வந்ததுதான். மீதியில் பெரும்பகுதி மலைப் பனியும் துருவப் பனிப்பாளங்களும் உருகியதால் வந்தது.

கேள்வி: கடல் முன்காலத்திலும் ஏறி இறங்கியிருக்கிறதே. அப்போது ஆலையும் காரும் ஏது? (ராயபுரம்)

பதில்: நல்ல கேள்வி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அதன் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள் அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடங்கிவைத்தன. பனி உருகிக் கடல் ஏறி முடிந்த பிறகு, சில ஆயிரம் ஆண்டுகளாக அது பெரிதாக மாறாமல் இருந்தது. துறைமுக நகரங்களை மனிதர்கள் கட்டியது அந்த அமைதியை நம்பித்தான். 1900-க்குப் பின் ஏறிய வேகம், குறைந்தது 3,000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் இல்லாதது.

இந்த முறை காரணம் சூரியன் என்றால் அளவீட்டில் தெரிந்திருக்கும். 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளக்கின்றன, கூடவில்லை. கீழ்க்காற்று சூடாகும்போது மேல்வளிமண்டலம் குளிர்ந்து வருகிறது. சூரியன் காரணமானால் இரண்டுமே சூடாக வேண்டும். பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு காற்றில் கூடியிருக்கிறது, அதில் உள்ள கார்பனின் தன்மையும் அது நிலக்கரி, எண்ணெயிலிருந்து வந்தது என்று காட்டுகிறது.

கேள்வி: எரிமலைகள் வெளியிடுவதுதானே அதிகம்? (மணலி)

பதில்: இல்லை. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றியுள்ள அனல்மின் நிலையங்களால்தான் இங்கே கடல் ஏறுகிறதா? (அத்திப்பட்டு)

பதில்: இங்கே வரும் புகை இங்கேயே நிற்காது, உலகக் காற்றோடு கலந்துவிடும். இதுவரை சேர்ந்த வாயுவில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் போட்டதுதான் மிகப் பெரிய பங்கு. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பல் உள்ளூர்க் கணக்கு. கொசஸ்தலையாற்று வெள்ளம் பரவி வடிய வேண்டிய இடத்தை அது மேடாக்குகிறது. கடல் ஏற ஏற வெள்ளம் வடிவதும் மெதுவாகும். அதனால் அந்தச் சாம்பலை அள்ளச் சொல்லும் மீனவர் கோரிக்கையை ஊரே ஆதரிக்க வேண்டும்.

கேள்வி: கடல் ஏறியதால்தான் எங்கள் போர் தண்ணீர் உப்பானதா? (மீஞ்சூர்)

பதில்: முதல் காரணம் அளவுக்கு மீறி உறிஞ்சியது. மீஞ்சூரில் பல கிலோமீட்டர் உள்ளே உப்புநீர் புகுந்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. நகரத்துக்கும் ஆலைக்கும் வயலுக்கும் நன்னீரை எடுக்க எடுக்க, அந்த இடத்துக்குக் கடல்நீர் வந்தது. கடல் உயர்ந்தால் இந்தத் தள்ளல் இன்னும் கூடும். உலகம் முழுக்க நிலத்தடியிலிருந்து இறைக்கும் தண்ணீரும் கடைசியில் கடலில் சேர்ந்து மட்டத்தைச் சிறிது ஏற்றுகிறது. உங்கள் பகுதிக்கு இப்போது வேண்டியது இறைப்பதைக் குறைப்பதும், கொசஸ்தலையாறு, ஆரணியாற்றுத் தடுப்பணைகளில் மழைநீரை நிறுத்துவதும். புதிதாக ஆழமாய்ப் போர் போடாதீர்கள், உப்பு இன்னும் மேலே ஏறி வரும்.